பக்கத்துக் கொத்தளம்

யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் பிறந்து வளர்ந்த பெண்களிடம், "நீங்கள் கோட்டைக்குள் போயிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். நம் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அது இருந்தது. முற்றவெளிக்குக் காற்று வாங்கப் போகும்போதும், வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பண்ணைப் பக்கம் போகும்போதும் அதன் கறுத்த மதிலை வெளியிலிருந்து பார்த்திருக்கிறோம். உள்ளே சிறைச்சாலை இருக்கிறது, அங்கே பெண்களுக்கு என்ன வேலை என்பார்கள். பிறகு ராணுவம் இருக்கிறது என்றார்கள். காரணம்தான் மாறியதே தவிர, வாசல் நமக்குத் திறக்கவில்லை.

அந்த வாசலுக்குள் நான் முதல்முறையாகக் கால் வைத்தது 2023 ஆகஸ்டில், அறுபது வயதைக் கடந்த பிறகு. கூட வந்தவள் என் வல்வெட்டித்துறைத் தோழி. அவளையும் என்னையும் சேர்த்து வைத்தது கோப்பாய் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை. அவள் வரலாறு படிப்பிக்கப் போனாள், நான் தமிழ் படிப்பிக்கப் போனேன். ஆனால் எங்கள் குடும்பங்களுக்கிடையே பழக்கம் அதற்கும் முந்தியது. என் வாப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் இரும்புக்கடை. வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் கட்டிய காலத்தில் ஆணியும் சங்கிலியும் வாங்க அவ்வூர்க்காரர் எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அந்த ஊர் மரக்கலம் ஒன்று, அன்னபூரணி என்று பெயர், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்த கதையைத் தோழியின் தகப்பனார் எங்கள் கடை வாங்கில் உட்கார்ந்து சொல்வார். வாப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார்.

நான் இப்போது இருப்பது புத்தளத்தில். ஏன் என்று இந்தப் பத்திரிகையின் வாசகியருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இளம் பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1990 அக்டோபர் 30ஆம் திகதி காலை எங்கள் தெருக்களில் ஒலிபெருக்கி கட்டி, வீட்டுக்கு ஒருவர் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்று இயக்கத்தார் அறிவித்தார்கள். போனவர்களிடம், முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொல்லப்பட்டது. அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். உலை வைத்த அடுப்பை அணைக்காமல் வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

என் உம்மா மட்டும் ஒரு காரியம் செய்தா. வீட்டுக் காணி உறுதியைப் பெட்டியிலிருந்து எடுத்து, பேரப்பிள்ளையின் தலையணை உறைக்குள் வைத்து ஊசி நூலால் தைத்துவிட்டா. வழியில் சோதனை போட்டவர்கள் நகையை எடுத்தார்கள், பணத்தை எடுத்தார்கள். தூங்குகிற பிள்ளையின் தலைக்குக் கீழே இருந்த தலையணையை யாரும் எடுக்கவில்லை. உம்மா மௌத்தாகி வருடங்களாகிவிட்டன. உறுதி என்னிடம் இருக்கிறது.

அந்த உறுதிதான் என்னை வடக்கே கொண்டுவந்தது. வீடு இல்லை, நான்கு சுவரும் ஒரு கிணறும் மிஞ்சியிருக்கின்றன. நல்ல விலைக்கு வாங்க ஒருவர் கேட்டு வந்தார். "விற்றுவிடுங்கள் உம்மா, நாங்கள் யாரும் அங்கே போய் இருக்கப் போவதில்லை" என்று மகன்மார் சொன்னார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூத்தவன் வெளியேறும்போது நான்கு வயதுப் பிள்ளை. இளையவன் புத்தளத்தில் அகதி முகாமில் பிறந்தவன். ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்று அநுராதபுரம், வவுனியா வழியாகப் பஸ் ஏறி வந்து, மூன்று நாள் தோழி வீட்டில் தங்கினேன்.

அவள் வீட்டில் எனக்கென்று புதுச்சட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். "இறைச்சி வாங்கேல்லை, உனக்கு எல்லாம் மீன்தான்" என்றாள். வல்வெட்டித்துறையில் மீனுக்கு என்ன குறை! தொழுவதற்குக் கடலைப் பார்த்த அறையைக் கூட்டிக் கழுவிப் புதுப் பாய் விரித்துவிட்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அந்த ஊருக்கு வடக்கே கடல். கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நின்றால் கிப்லா ஏறக்குறையச் சரியாக வரும். அதை அவள் மனதில் வைத்துக்கொண்டு அடுத்தநாள் நான் கேட்காமலே பாயைச் சரியாகப் போட்டிருந்தாள்.

அவளுடைய பேத்தி இங்கிலாந்தில் லீட்ஸ் நகரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தாள். பதினாறு வயது. என்னை "ரீச்சர் அம்மம்மா" என்று கூப்பிடுவாள். அவளுக்குக் கோட்டையைப் பார்க்க ஆசை. நாங்கள் மூவரும் காலையிலேயே பஸ் ஏறி, தொண்டைமானாறு, அச்சுவேலி வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம்.

அகழியைக் கடந்து வாசலுக்குள் நுழைந்ததும் வெளியிலே இருந்த வெயில் போய்க் குளிர்ச்சி வந்தது. சுவர் அவ்வளவு தடிப்பு. கிட்டப் போய்ப் பார்த்தால் முருகைக் கல்லும் சுண்ணாம்புக் கல்லும். முருகைக் கல்லில் சிப்பியின் வரிகூடத் தெரிகிறது. எங்கள் பழைய வீட்டுச் சுவரும் இதே கல்தான் என்று கையால் தடவிப் பார்த்தேன். உள்ளே பெரும் வெளி. 1706இல் ஒல்லாந்தர் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்த இடத்தில் கற்குவியல்தான் கிடக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகு நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்லியல் திணைக்களம் மதில்களைத் திருத்தியிருக்கிறது. பழைய கல் எது, புதிய கல் எது என்று நிறத்திலேயே சொல்லிவிடலாம்.

தோழி மூச்சு வாங்க மதில்மேல் ஏறி நின்று, வகுப்பில் நிற்பதுபோலப் பேத்திக்குச் சொல்லத் தொடங்கினாள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் இங்கே சதுரமாக ஒரு கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைப் பிடித்தார்கள். பிறகு அதை இடித்து, 1680ஆம் ஆண்டளவில் ஐந்து மூலையுள்ள கோட்டையாகக் கட்டினார்கள். வெளிச்சுற்று வேலைகள் முடிய 1792 ஆகிவிட்டது. மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயர் வந்தார்கள். ஒரு சண்டையும் இல்லாமல் கோட்டை கைமாறியது.

"இவ்வளவு பாடுபட்டுக் கட்டினதை மூண்டு வருசத்திலயா குடுத்தவை?" என்று பேத்தி சிரித்தாள்.

பிறகு தோழி கொத்தளத்தின் முனைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒன்றைக் காட்டினாள். சகோதரிகளே, அன்று நான் கற்றுக்கொண்ட பாடம் இதுதான். பழங்காலத்தில் கோட்டை என்றால் மேட்டின்மேல் உயரமான கோபுரம். பீரங்கி வந்த பிறகு உயர்ந்த சுவர் எளிதில் உடைந்துவிடும் என்று, தாழ்வாகவும் தடிப்பாகவும் கட்டி, மூலைகளில் அம்பு முனைபோல வெளியே நீண்ட கொத்தளங்களை வைத்தார்கள். ஏன் அப்படி? கொத்தளத்தின் மேல் நிற்கிற சிப்பாய்க்குத் தன் காலடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் எதிரி தெரியமாட்டான். தடித்த சுவரே அவன் கண்ணை மறைத்துவிடும். ஆனால் அடுத்த மூலைக் கொத்தளத்தில் நிற்பவனுக்கு அந்தக் காலடி நன்றாகத் தெரியும். அவனால்தான் அங்கே சுட முடியும். "ஒரு கொத்தளத்தை அது தானே காப்பாத்த ஏலாது. பக்கத்துக் கொத்தளம்தான் காப்பாத்த வேணும். அதுக்காகத்தான் இந்த அஞ்சு மூலை" என்றாள் தோழி.

நாங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நிழலாக ஓரிடத்தில் உட்கார்ந்தோம். சோளகக் காற்று வீசியது. ஒரு பக்கம் பண்ணைக் கடல், மறுபக்கம் முற்றவெளி, அதற்கு அப்பால் வெள்ளையாய் நூலகம். 1981இல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டப்பட்டது. வரலாற்று ரீச்சர் ஓயவில்லை. 1905இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வேலைக்கு வந்த லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் அதிகாரி இந்தக் கோட்டைக்குள் ஒரு பங்களாவில்தான் தங்கியிருந்தாராம். இலங்கைக் கிராம வாழ்க்கையை வைத்து 1913இல் ஆங்கிலத்தில் நாவல் வெளியிட்டவர். "அவர் ஒரு யூதர்" என்றாள்.

அதைக் கேட்டதும் பேத்தி, "ரீச்சர் அம்மம்மா, எங்கட பக்கமும் ஒரு கோட்டை இருக்கு" என்று சொல்லத் தொடங்கினாள்.

லீட்ஸிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்தில் யோர்க் என்ற பழைய நகரம். அங்கே செயற்கையாக உயர்த்திய மண்மேட்டின்மேல் கிளிஃபர்ட் கோபுரம் நிற்கிறது. மேலிருந்து பார்த்தால் நாலு இதழ்ப் பூவைப்போல இருக்குமாம். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது நிற்கும் கல் கோபுரம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டியது. அதற்கு முன்பு அதே மேட்டில் மரத்தால் கட்டிய கோபுரம் ஒன்று இருந்தது. அந்த மரக் கோபுரத்தில்தான் அது நடந்தது.

1190ஆம் ஆண்டு மார்ச் மாதம். நகரத்தில் யூதர்களுக்கு எதிராகக் கலவரம் எழுந்தது. அந்த நாட்டில் யூதர்கள் அரசனின் பாதுகாப்பில் உள்ளவர்கள் என்பது சட்டம். அதனால் பெண்களும் பிள்ளைகளுமாகச் சுமார் 150 பேர் அரசனின் கோட்டைக்குள் போய்த் தஞ்சம் புகுந்தார்கள். ஆனால் காக்க வேண்டிய அதிகாரிகளின் ஆட்களே கலகக் கூட்டத்தோடு சேர்ந்து கோபுரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். மார்ச் 16ஆம் திகதி எல்லாம் முடிந்தது. உள்ளே பலர் எதிரியின் கையில் விழுவதைவிட மரணமே மேல் என்று போனார்கள். மரக் கோபுரம் தீப்பற்றியது. உயிருக்கு ஆபத்தில்லை என்ற வாக்கை நம்பி வெளியே வந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். கூட்டத்தை நடத்தியவர்களில் சிலர் அந்த யூதர்களிடம் கடன்பட்டிருந்த பெரிய மனிதர்கள். வேலை முடிந்ததும் அவர்கள் நேரே நகரத்துப் பெரிய தேவாலயத்துக்குப் போய், அங்கே பாதுகாப்பாக வைக்கப்பட்டிருந்த கடன் பத்திரங்களை எடுத்து எரித்தார்கள்.

பத்திரம் என்று அவள் சொன்னதும் என் கை தானாகக் கைப்பையைத் தொட்டது. உம்மாவின் தலையணை உறைக்குள் வந்த உறுதி அதற்குள்தான் இருந்தது.

நூறு வருடம் கழித்து, 1290இல், இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் தன் நாட்டு யூதர் அனைவரையும் வெளியேறச் சொல்லிக் கட்டளையிட்டான். நவம்பர் முதலாம் திகதிக்குள் போய்விட வேண்டும் என்று தவணை. 1290, நவம்பர் முதலாம் திகதி. 1990, அக்டோபர் 30ஆம் திகதி. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இடையில் சரியாக எழுநூறு ஆண்டு. இங்கிலாந்தில் யூதர்கள் மீண்டும் வெளிப்படையாகக் குடியிருக்க 1656 ஆகிவிட்டது. நமக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். 2002 போர்நிறுத்தத்தின்போது சிலரும், 2009க்குப் பிறகு இன்னும் பலரும் வந்து பார்த்தோம். சிலர் குடியேறினார்கள். என்னைப்போலப் பலர் இன்னும் புத்தளத்தில்தான் இருக்கிறோம்.

யூதர் என்றதும் பலஸ்தீனத்திலிருந்து வரும் செய்திகள் நம் மனதில் எழும். எனக்கும் எழுந்தது. ஆனால் எந்தச் சமூகம் என்று விசாரித்த பிறகா ஒரு தாய்க்கு இரங்குவது? எண்ணூறு வருடத்துக்கு முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த மண்மேட்டில் ஏறிய பெண்ணுக்கு, இரண்டு மணி நேரத்தில் வீட்டை விட்டு இறங்கிய பெண்ணின் மனம் தெரிந்திருக்கும்.

"இதெல்லாம் எப்படி இப்பவும் தெரியும்?" என்று பேத்தியிடம் கேட்டேன். எழுதி வைத்திருக்கிறார்கள் என்றாள். எழுதி வைத்தவர்களில் ஒருவர் வில்லியம் என்ற கிறிஸ்தவத் துறவி. யோர்க்குக்குப் பக்கத்தில் நியூபர்க் என்ற இடத்து மடத்தில் இருந்தவர். யூதர்கள்மேல் அவருக்குப் பெரிய பிரியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் தன் மார்க்கத்தைச் சேர்ந்த, தன் பக்கத்து ஊர்க்காரர்கள் செய்தது கொடுமை என்று அக்காலத்திலேயே எழுதி வைத்தார். அந்த மேட்டின் அடியில் 1978இல்தான் ஒரு நினைவுக் கல் வைத்தார்களாம். ஏறத்தாழ எண்ணூறு வருடம் கழித்து! மார்ச் மாதம் வந்தால் மேடு முழுவதும் மஞ்சள் பூ பூத்திருக்கும் என்றாள் பிள்ளை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தோழி, கடலைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் உனக்கு ஒண்டு சொல்லேல்லை. நீங்கள் போய் ரெண்டு கிழமை கழிச்சு நான் சைக்கிளில உங்கட தெருவுக்கு வந்தனான். வீடெல்லாம் திறந்து கிடந்தது. உம்மான்ர தையல் மெசினை ரெண்டு பேர் தூக்கிக்கொண்டு போச்சினம். நான் ஒண்டும் கேக்கேல்லை. பாத்துக்கொண்டு நிண்டனான். திரும்பி வந்திட்டன். முப்பத்து மூண்டு வருசமா உனக்குச் சொல்ல வாய் வரேல்லை."

அவளை நான் என்ன சொல்ல முடியும்? துப்பாக்கி நின்ற ஊரில் ஒரு பெண் தனியாக நின்று என்ன கேட்டிருக்க முடியும்? அவள் ஊர் பட்டதும் எனக்குத் தெரியும். 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையில், அமைதி காக்க வந்தோம் என்று சொன்ன படையினரின் கையால் ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். பாதை திறந்ததும் என் வாப்பா ஒரு மூட்டை அரிசியும் துணியும் கட்டி லொறியில் அனுப்பி வைத்தார். கூடவே போக எங்களுக்குத் துணிவு வரவில்லை. "நீங்கள் அண்டைக்கு அரிசி அனுப்பினியள், நான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்று அதையும் சொல்லி அழுதாள். பேத்தி இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். கோட்டையைப் பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்து போனார்கள்.

நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "பார்த்ததை எழுதித் தருவியா?"

இந்தக் கோட்டை யாரைக் காப்பாற்றியது என்று யோசித்துப் பாருங்கள். போர்த்துக்கேயரைக் காக்கவில்லை, ஒல்லாந்தரைக் காக்கவில்லை. 1990 ஜூனிலிருந்து உள்ளே முற்றுகைக்குள் இருந்த ராணுவம் செப்டம்பர் கடைசியில் அதைக் கைவிட்டுப் போனது. அந்த மூன்று மாதமும் குண்டு விழுந்தது கோட்டைக்கு வெளியே இருந்த வீடுகளிலும்தான். கோட்டை விழுந்து ஒரு மாதத்தில் நாங்கள் போனோம். இவ்வளவு தடித்த சுவருக்கு மிகப் பக்கத்தில் இருந்தும் அந்தச் சுவர் எங்களுக்கு உதவவில்லை. வெளியேறிய அன்று எங்களிடம் மிஞ்சியது ஒரு தலையணையும், எங்களை அறிந்த சில மனிதரின் கண்களும்தான்.

நமக்கு நடந்ததை நாம் சொன்னால், தன் கதையைத் தானே சொல்கிறான் என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "ஆம், நான் பார்த்தேன்" என்று எழுதினால் அதை யாரும் தட்ட முடியாது. அவள் ஊரில் நடந்ததற்கு அப்படி நாம் சாட்சி சொல்ல வேண்டும். பக்கத்துக் கொத்தளம் என்று தோழி காட்டியதை நான் இப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

அன்றிரவே அவள் பேத்தியின் கொப்பியில் மூன்று பக்கம் எழுதினாள். திகதி, தெரு, வீட்டு அடையாளம், தையல் மெசின், திறந்து கிடந்த கதவுகள், கிணற்றடியில் உலர்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தைச் சட்டை. கீழே கையெழுத்துப் போட்டாள். நான் வாப்பாவின் அரிசி மூட்டையையும், அந்த ஆகஸ்ட் மாதம் அவ்வூரைப் பற்றி எங்கள் கடைக்கு வந்து அழுதவர்கள் சொன்னதையும் இரண்டு பக்கம் எழுதி அவளிடம் கொடுத்தேன். பேத்தி இரண்டையும் படமெடுத்துத் தன்னோடு லீட்ஸுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

காணியை நான் விற்கவில்லை. கேட்டு வந்தவரிடம் மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். மகன்மாருக்கு அது அவ்வளவு சம்மதம் இல்லை. என் காலத்துக்குப் பிறகு அவர்கள் விற்கலாம். அதை நான் தடுக்க முடியாது, தடுக்கவும் விரும்பவில்லை. ஆனால் இனி அந்த உறுதியை எடுக்கிற பிள்ளையின் கைக்கு அதனோடு மடித்து வைத்த மூன்று பக்கமும் வரும். வாசிக்காமல் விற்க முடியாது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படிப் பெட்டிக்குள் ஓர் உறுதியோ, ஒரு திறப்போ, ஒரு பழைய குடும்ப அட்டையோ இருக்கும். அதை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கதையை உங்கள் கையால் எழுதி அதனோடு வையுங்கள். உங்களை அறிந்த பக்கத்து வீட்டுக்காரி உயிரோடு இருந்தால், அவள் எந்த மார்க்கமாக இருந்தாலும், தேடிப் போய் அவளையும் எழுதச் சொல்லுங்கள். அவளுக்கு நேர்ந்ததை நீங்கள் எழுதிக் கொடுங்கள். நினைவுக் கல் வைக்க எண்ணூறு வருடம் ஆகலாம். கொப்பியில் மூன்று பக்கம் எழுத ஓர் இரவு போதும்.